சாகாத சோளம்

செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஊற்றாமல் இருக்கச் சம்பளம் வாங்குகிறவள் தன் மனைவி ஒருத்திதான் என்று அவள் கணவன் பஸ் டிப்போவில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் அங்கே மெக்கானிக். கேலிதான், ஆனால் பொய் இல்லை. நகரத்தின் ஓரத்தில் இருந்த பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை.

பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான கொட்டகை. மழை உள்ளே விழாது. நான்கு பக்கமும் வலை. உள்ளே கறுப்பு வாளிகளில் ஆயிரத்துச் சொச்சம் சோளச் செடிகள், ரகத்துக்கு ஓர் எண், அந்த எண் எழுதிய அட்டை வாளிதோறும். செடி முழங்கால் உயரம் வரும்வரை குறைவில்லாமல் தண்ணீர் காட்டி வளர்ப்பார்கள். பிறகு ஒரு நாள் குழாயைத் திருகிப் பூட்டிவிடுவார்கள். அன்றைக்கு ஆரம்பிக்கும் அவள் வேலை. காலை ஆறு மணிக்கு ஒரு சுற்று, உச்சி வெயிலில் ஒரு சுற்று. ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்று இலையைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பச்சை என்றால் ஒன்று. முழுச் சருகு என்றால் ஐந்து. இடையில் உள்ள இரண்டு, மூன்று, நான்கில்தான் கண் வேண்டும். அந்தக் கண் அவளுக்கு இருந்தது. மத்தியானம் சுருண்ட இலை மறுநாள் காலையில் விரிந்திருந்தால் அது செடியின் சாமர்த்தியம். காலையிலும் சுருண்டே கிடந்தால் கதை முடியப் போகிறது என்று அர்த்தம். படித்து வந்தவர்கள் கருவியை இலையில் மாட்டிக் கால் மணி நேரம் கழித்துச் சொல்லும் விஷயத்தை அவள் நடந்துகொண்டே சொல்வாள். பண்ணையில் அவளுக்கு ‘வாடல் அக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. பெரிய அதிகாரி முதல் வாட்ச்மேன் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

செடிகளுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். தண்ணீர் நின்றதும் அவசர அவசரமாகப் பூத்து, ஏதோ நாலு விதையைக் கட்டிக்கொண்டு செத்துப்போகிறது ‘ஓடுகாலி’. இருக்கிறவரை நன்றாகக் குடித்துப் பசேலென்று நின்று, ஒரே நாளில் சாய்வது ‘ஊதாரி’. வேரை ஆழம் ஆழமாக விட்டுத் தேடிக்கொண்டே போவது ‘கடன்காரன்’. வாளிக்கு அடி உண்டு என்பது அதற்குத் தெரியாது, பாவம். எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது ‘கருமி’. முதல் வாட்டத்திலேயே இலைத்துளைகளை இறுக்கி மூடிக்கொள்ளும். இலையைச் சுருட்டி வெயிலுக்கு முகம் காட்டாமல் நிற்கும். மேலே சாம்பல் பூசினதுபோல் மெழுகு ஏறும். கீழ் இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துக் குருத்தை மட்டும் காப்பாற்றும்.

கொட்டகைக்குப் பொறுப்பான விஞ்ஞானி அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அவளை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். இந்தப் பெயர்களைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த டாக்டரம்மா, ஒரு கூட்டத்தில் வாய் தவறி ‘கருமி ரகம்’ என்று சொல்லி மாட்டிக்கொண்டாள்.

வாடல் அக்கா வீட்டில் ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. “பாத்தா மார்க் போடத் தோணும்” என்பாள். பிள்ளைகளும் இல்லை; அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஓர் அண்ணன். இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் மழையை நம்பி விதைக்கும் நிலம், ஓட்டு வீடு, அண்ணி, ஒரு ஜோடி உழவு மாடு, ஒரு பசு. அப்பா செத்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அவள் கல்யாணம் முடிகிறவரை தன் கல்யாணப் பேச்சையே எடுக்காமல் முப்பத்தைந்து வயதுவரை இருந்தவர் அண்ணன். அதை அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஐம்பதை நெருங்கும் தங்கையை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருடம் கொட்டகையில் ஓர் அதிசயம் நடந்தது.

குழாயைப் பூட்டி முப்பத்தோரு நாள். எல்லா வாளிக்கும் ஐந்து போட்டாகிவிட்டது. கருமி இனத்தைச் சேர்ந்த நானூற்றுப் பதினேழு என்ற எண்ணுக்கும் ஐந்துதான். தொட்டால் பொடியாக உதிர்ந்தது. வழக்கப்படி கடைசியில் ஒருமுறை தண்ணீர் விட்டு, எது பிழைக்கிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் எதுவும் பிழைக்காது. நாலாம் நாள் காலை ஆறு மணிச் சுற்றில் அவள் நின்றுவிட்டாள். நானூற்றுப் பதினேழின் சருகுக்கு அடியில், தூரிலிருந்து அரை விரல் நீளத்துக்குப் பச்சை. அடுத்த வாளியிலும். அதற்கு அடுத்ததிலும். அந்த எண்ணில் இருந்த பன்னிரண்டு வாளியில் பதினொன்று உயிரோடு இருந்தது.

டாக்டரம்மா ஓடி வந்து மண்ணில் மண்டியிட்டுப் பார்த்தாள். எழுந்தபோது இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, இது செத்துப் போகல. செத்த மாதிரி கெடந்திருக்கு.”

“எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை கெடக்குற மாதிரி” என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு வெகுநாள் நினைவிருந்தது.

வெளியே, கொட்டகைக்குப் பூட்டின குழாயை யாரோ வானத்துக்கும் பூட்டிவிட்டதுபோல் ஆகியிருந்தது. இரண்டாவது வருடமாக மழை இல்லை. அண்ணன் இருமுறை விதைத்தது இருமுறையும் முளையிலேயே கருகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் முன்னறிவிப்பில்லாமல் வந்தார். செருப்பை வாசலில் கழற்றி நேராக வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டீயைக் கையில் வாங்கி ஆறவிட்டார். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அவள் கணவன் பெருமைக்கு வாயை விட்டிருந்தான் என்பது அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

“உங்க பண்ணையில சாகாத சோளம் ஒண்ணு இருக்காமே பாப்பா.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

“இருக்கு அண்ணா. ஆனா வெளிய குடுக்க மாட்டாங்க. இன்னும் அஞ்சு பருவம் சோதிக்கணுமாம்.”

“அப்படியா.” அவர் டீயைக் குடித்தார். “சரிதான். அவங்கவங்களுக்கு ஒரு முறை இருக்கும்ல.”

அவ்வளவுதான். மறுபடி கேட்கவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பாள், கோபித்திருந்தால் இவளும் கோபித்திருப்பாள். அவர் மாட்டுக்குத் தீவனம் இல்லாமல் தொழுவத்துக் கூரை ஓலையைப் பிரித்துப் போட்டதை ஏதோ வேடிக்கை போலச் சொல்லிவிட்டு, கடைசிப் பஸ் போய்விடும் என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவள் நேரடியாகவே கேட்டாள். டாக்டரம்மா காதில் போனை வைத்துக்கொண்டு யாருக்கோ காத்திருந்தாள்.

“ரெண்டு கிலோ, டாக்டரம்மா. எங்க அண்ணனுக்கு. அரை ஏக்கர் போட்டுப் பாக்கட்டும்.”

“அய்யோ, முடியாது அக்கா. தானியம் எப்படி வருது, மாட்டுத் தட்டை எப்படி, ஒண்ணும் முழுசா பாக்கலையே. வெளிய போச்சுன்னா என் தலை உருண்டுடும்.” அதற்குள் போனில் ஆள் வந்துவிட்டது. டாக்டரம்மா கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

முறை, சோதனை, கையெழுத்து. இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கொட்டகையிலிருந்து ஒரு மணி விதைகூட எந்த விவசாயி வயலுக்கும் போய் அவள் பார்த்ததில்லை. ஒரு ரகத்தைச் சோதித்து முடிப்பதற்குள் அதிகாரி மாறுவார், திட்டம் மாறும், விதை குளிர் அறையில் பொட்டலமாக உட்கார்ந்துவிடும். அண்ணன் ஐந்து பருவம் காத்திருப்பாரா? மாடு காத்திருக்குமா?

விதை பெருக்குவதற்காக நானூற்றுப் பதினேழைக் கொஞ்சம் பாசன வயலில் தனியாகப் போட்டிருந்தார்கள். அறுவடை முடிந்து களத்தில் அடித்துத் தூற்றினார்கள். நல்ல விதை பைக்குள் போனது. சல்லடையில் நின்றதும் தரையில் சிந்தியதும் குப்பைக்குப் போக வேண்டியவை. களத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலையை அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்பது நாள், சாப்பாட்டு டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாக. அதுவரை ஒரு துண்டு நூலைக்கூட அங்கிருந்து எடுத்து வராதவள். வாசலில் வாட்ச்மேன் “என்னக்கா, இன்னிக்கு டப்பா கனமா இருக்கு?” என்று கேட்டபோது, “சாப்பிடல, பசிக்கல” என்றாள். அது மட்டும் உண்மை.

ஒரே ஒரு மழை பெய்தது. அண்ணன் அரை ஏக்கரில் அதை விதைத்தார். மீதி நிலத்தில் பழைய விதை.

முளைத்து முழங்கால் உயரம் வந்ததும் வானம் வறண்டுவிட்டது. பதினைந்தாம் நாள் பழைய சோளம் சாய்ந்தது. அரை ஏக்கர் மட்டும் சாம்பல் நிறத்தில், ஓலைச் சுருள் சுருளாக, சாகவும் இல்லை பிழைக்கவும் இல்லை என்று நின்றது. அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். வரப்பில் நின்று மனசுக்குள் மூன்று, நான்கு என்று போட்டுக்கொண்டாள். முப்பத்தெட்டாம் நாள் ஒரு தூறல். மண் அரை விரல் நனைந்தது. அடுத்த ஞாயிறு அவள் போனபோது, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டலாகக் கிடக்க, நடுவில் அந்த அரை ஏக்கர் மட்டும் பச்சைச் சதுரமாக இருந்தது.

அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். வயலில் அவர் சட்டை போட்டு அவள் பார்த்ததே இல்லை.

“நாலு ஊர்லேர்ந்து வந்து பாக்குறாங்க பாப்பா. சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?”

அண்ணி அன்று அவள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி அளந்துதான் பேசுவாள், சிரிப்பதும் அளந்துதான். அன்றைக்கு அளவு எல்லாம் போய்விட்டது. “நீ இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்” என்று மூன்று முறை சொல்லிவிட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குத் திருடினோம் என்ற எண்ணமே வரவில்லை.

இன்னும் இரண்டு தூறல் விழுந்தது. பயிர் இடுப்பைத் தாண்டி வளர்ந்தது. கதிர் தலை நீட்டியது. அண்ணன் ஒரு கதிரை ஒடித்து அவளிடம் கொடுத்தபோது, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். உமி பறந்தது. கையில் ஒன்றும் இல்லை. இன்னொன்று ஒடித்தாள். அதற்குள்ளும் பதர். பத்துப் பதினைந்து ஒடித்த பிறகு போதும் என்று நிறுத்திவிட்டாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கருமியின் குணமே அதுதான். தண்ணீர் போகக்கூடாது என்று இலைத்துளையை மூடினால் காற்றும் உள்ளே வராது. காற்று வராவிட்டால் செடிக்குச் சாப்பாடு ஏது? உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டதில் பிள்ளை பெறத் தெம்பு இல்லாமல் போய்விட்டது. கொட்டகையில் சாகிறதா பிழைக்கிறதா என்றுதான் அவள் மதிப்பெண் போட்டாள். கதிரில் மணி பிடிக்கிறதா என்பது வேறு அட்டை. அது அவள் கைக்கு வந்ததே இல்லை.

அதை அண்ணனிடம் எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவர் இன்னொரு கதிரை ஒடித்துத் தானே கசக்கி ஊதிப் பார்த்தார்.

“சரி, போகட்டும். மாட்டுக்காவது ஆகும்ல” என்றார். “நிக்குறதே பெருசு.”

பிஞ்சுச் சோளம் மாட்டுக்கு ஆகாது என்பது விவசாயி யாருக்கும் தெரியும். அதுவும் காய்ந்து தளிர்த்த பயிர் விஷம். இடுப்பு உயரம் தாண்டி, கதிரும் வந்துவிட்டால் பயமில்லை என்பது வழிவழியாக வந்த கணக்கு. அண்ணன் அந்தக் கணக்கை மீறவில்லை. மாடுகள் விலா எலும்பை எண்ணும்படி இளைத்துக் கட்டுத்தறியில் நின்று பச்சையைப் பார்த்துக் கத்தும். பார்த்துக்கொண்டே இன்னும் பத்து நாள் பொறுத்தார். பயிர் மார்பளவு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, “நீயே முதல்ல அறு பாப்பா, உன் கை ராசி” என்று அரிவாளைத் தங்கையிடம் நீட்டினார்.

அவள்தான் அறுத்தாள். கைக்கு அடங்கிய மட்டும் அறுத்துத் தலையில் தூக்கி வந்து தொட்டியில் அவள்தான் போட்டாள். உழவு மாடு இரண்டும் முட்டிக்கொண்டு தின்றன. பசு நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. அதன் கன்று பிறந்து மாதமாகவில்லை, தனியாகக் கட்டியிருந்தது. இவ்வளவு ருசித்து எதுவும் தின்று அவள் பார்த்ததில்லை. இன்னொரு சுமை கொண்டு வந்து போட்டாள்.

அண்ணி டீ கொண்டு வந்து கொடுத்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் பெரிய மாடு கால் மாற்றி வைத்தது. உடம்பு நடுங்கியது. வாயைப் பிளந்து மூச்சு இழுத்தது. நெஞ்சு ஏறி இறங்கியது, காற்று போதவில்லை. அண்ணன் “ஏ, ஏ” என்று ஓடி மூக்கணாங்கயிற்றை அவிழ்ப்பதற்குள் அது முன்னங்கால் மடிந்து விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது. பசு சுவரில் சாய்ந்து கடைசிவரை விழாமல் நிற்கப் பார்த்தது. பிறகு அதுவும் விழுந்தது.

அண்ணி தொட்டியில் மிச்சமிருந்ததை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே எறிந்தாள். எல்லாம் எறிந்து முடித்த பிறகும் வெறும் தொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

போன் செய்து கால்நடை மருத்துவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. பசுவுக்கு மட்டும் துடிப்பு இருந்தது. நரம்பில் ஊசி போட்டார். போட்ட கையை எடுப்பதற்குள் அதுவும் அடங்கியது. ஊசி குத்திய இடத்தில் வந்த ரத்தத்தைப் பஞ்சால் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். குங்குமமாகச் சிவந்திருந்தது.

“சோள விஷம்தான். ஆனா இவ்ளோ வளந்த பயிர்ல நான் பாத்ததில்ல” என்றார். “என்ன ரகம் இது? விதை எங்க வாங்கினீங்க?”

அண்ணன் தரையில் கிடந்த மாட்டின் கண்ணை மூடிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார், அது மூடவில்லை.

“நான் குடுத்தது” என்றாள் அவள்.

அண்ணி அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வழி கேட்க வந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கன்று புட்டிப்பாலில் ஆறு நாள்தான் உயிரோடு இருந்தது.

திங்கட்கிழமை காலைச் சுற்றை முடித்துவிட்டு அவள் டாக்டரம்மா அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சல்லடை, சாப்பாட்டு டப்பா, அரை ஏக்கர், மூன்று மாடு என்று வரிசையாகச் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்துத் தேடி, ஒரு தாளில் விரலை வைத்தாள்.

“ரெண்டு மாசம் முன்னாடியே லேப்ல பாத்துட்டாங்க அக்கா. காய்ஞ்சு தளிர்க்கும்போது இதோட இலையில விஷம் மத்த ரகத்தவிட நாலு மடங்கு. கதிர் வந்தும் குறையல. பூச்சி, மாடு எதுவும் கிட்ட வராம தளிரைக் காப்பாத்திக்க இது வச்சிருக்கிற வழி போலிருக்கு.”

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழுக்கு எதிரே ஓர் எண் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது. அந்த அறைக்கும் கொட்டகைக்கும் நடுவே முப்பதடி தூரம்கூட இருக்காது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டரம்மா.”

“உங்களுக்கு எதுக்குன்னு நெனச்சேன்…” என்று ஆரம்பித்த டாக்டரம்மா, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. “நீங்க எடுத்துட்டுப் போவீங்கன்னு எனக்கு எப்படி அக்கா தெரியும்?”

அவள் அந்தத் தாளை டாக்டரம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

“எழுதிக் குடுங்க” என்றாள் அவள். “நான் திருடினேன்னு எழுதிக் குடுங்க. வேலைய விட்டு எடுக்கட்டும்.”

டாக்டரம்மா ஃபைலை மூடினாள். விதை வெளியே போனது தெரிந்தால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள், கொட்டகையில் இருக்கிற பதினாறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டும், நானூற்றுப் பதினேழை வேறொன்றோடு சேர்த்து விஷம் குறைந்த பிள்ளையை எடுக்க வழியிருக்கிறது, எட்டு வருடமோ பத்து வருடமோ ஆகும், அதுவும் போய்விடும் என்றாள். எதுவும் எழுதவில்லை. அவளைப் பன்னிரண்டரை மணிச் சுற்றுக்குப் போகச் சொன்னாள்.

அவள் போனாள். வெயில் உச்சியில் இருந்தது. வாளி வாளியாக நின்று மதிப்பெண் போட்டாள்.

வயலில் பயிர் மட்டும் சாகவில்லை. அண்ணன் அறுத்துக் குவித்து எரித்தார். பத்தாம் நாள் தூரிலிருந்து தளிர்த்தது. யாருடைய மாடாவது மேய்ந்துவிடக் கூடாதே என்று சுற்றி முள்ளை வெட்டிப் போட்டுக் காவல் உட்கார்ந்தார். உழுது புரட்ட மாடு இல்லை. டிராக்டர்க்காரன் அரை ஏக்கருக்காக இவ்வளவு தூரம் வர மாட்டேன் என்றுவிட்டான். வாழ்நாளெல்லாம் பயிர் பிழைக்க வேண்டும் என்று வானத்தைப் பார்த்தவர், ஒரு ஞாயிறு அவளிடம் கேட்டார்:

“இது எப்பம்மா சாகும்?”

பாப்பா என்று சொல்லாததை அவள் கவனித்தாள். “தூரோட எடுக்கணும் அண்ணா. துளி மிச்சம் இருந்தாலும் வந்துடும்.”

மூன்று ஞாயிறு, அவள், அவள் கணவன், அண்ணன் மூன்று பேரும் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு அந்த அரை ஏக்கரைத் தூர் தூராகத் தோண்டினார்கள். மண் சிமெண்டுத் தரைபோல் இறுகியிருந்தது. ஒரு தூரைப் பெயர்க்க நாலைந்து குத்து வேண்டும். வேர் போயிருந்த ஆழத்தைப் பார்த்து அவள் கணவன் முதல் நாள் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தான். அண்ணன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான். அண்ணி அந்த மூன்று ஞாயிறும் வெளியே வரவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் படியில் வைத்திருந்தது. அதை வைத்தது அண்ணிதான். அண்ணனிடம் கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு கடைசி வரிசையை முடித்தபோது வயல் முழுக்கக் குழி குழியாக இருந்தது. அண்ணன் மண்வெட்டியைக் கழுவவில்லை. கழுவத் தண்ணீர் இல்லை. துணியால் துடைத்து மூலையில் சாத்தினார்.

அந்த வருடமும் மழை வரவில்லை. அண்ணி தன் தம்பி வீட்டுக்குப் போனாள், “கொஞ்ச நாளைக்கு” என்று. அண்ணன் நகரத்துக்கு வந்து ஒரு குளிர்பதனக் கிடங்கின் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். நீலச் சட்டை, தோளில் விசில் கயிறு. உள்ளே வெளியூர்ப் பழமும் காய்கறியும் லாரி லாரியாக இறங்கும். வண்டி எண்ணை நோட்டில் எழுதுவதும் கதவைத் திறந்து மூடுவதும் வேலை. தங்கை வீட்டில் தங்கச் சொன்னதற்கு, கிடங்கிலேயே ஓர் அறை இருக்கிறது என்றார். அதில் கட்டில் போட்டால் கதவு திறக்காது. கதவு திறந்தால் கட்டில் இல்லை. பாயில் படுத்துக்கொண்டார்.

கொட்டகையில் நானூற்றுப் பதினேழை வேறு ரகங்களோடு சேர்க்கும் வேலை ஆரம்பித்தது. இரண்டாம் வருடம் டாக்டரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவருக்குச் சோளத்தில் ஆர்வம் இல்லை. பொட்டலங்கள் குளிர் அறைக்குப் போயின. வாளிகளில் வேறு பயிர் வந்தது. அவள் அதற்கும் மதிப்பெண் போட்டாள். புதிதாக வந்தவை எதற்கும் பெயர் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கிடங்கு வாசலுக்குப் போவாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காருவாள். இருவரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முட்டிவலி, பஸ் நேரம், டிப்போவில் மாப்பிள்ளை அடித்த கூத்து என்று பேச்சு போகும். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. இப்படி இரண்டு வருடம் போன பிறகு ஒரு நாள் அவளால் தாங்கவில்லை.

“அண்ணா, ஒரு தடவ என்னைத் திட்டிடு. வாய்க்கு வந்தபடி திட்டிடு.”

அவர் நோட்டில் ஒரு லாரி எண்ணை எழுதி முடித்தார். கதவைத் திறந்துவிட்டு, லாரி உள்ளே போனதும் மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“திட்டிட்டேன்னு வை. அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வர மாட்டே. அப்புறம் எனக்கு யாரு வருவா?”

அவள் அழுதாள். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. லாரி வெளியே வந்தபோது எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

அடுத்த வருடம் ஊர்ப் பக்கம் மழை நன்றாகப் பெய்தது என்று பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்டாள். ஞாயிறு போனபோது அண்ணனிடம் சொன்னாள். அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. “ஆமா, பெஞ்சுதாம்” என்றார், வேறு யாருடைய ஊரையோ சொல்வதுபோல். பிறகு, கிடங்கில் வேலை நேரத்தை மாற்றப் போகிறார்கள், இனிமேல் பதினொரு மணிக்கு மேல் வந்தால்தான் பேச முடியும் என்று சொன்னார். அவள் சரி என்றாள்.